பத்தக்கா வீட்டு வலது இடுப்பு

அந்த ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில், மருந்துக் கடையைத் தாண்டி லிஃப்டுக்கு இடது பக்கம் இருக்கிற பிசியோதெரபி அறைக்குள் நுழைகிறவர்கள் காதில் முதலில் விழுவது "இன்னும் பத்து" என்ற குரல்தான். முட்டியை மடக்கி நீட்டி மூச்சு வாங்கினால், இன்னும் பத்து. உயிர் போய் உயிர் வந்து கையை இறக்கினால், இன்னும் பத்து. அந்தக் குரலுக்குச் சொந்தக்காரிக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது. மற்றபடி டாக்டரிலிருந்து தரை துடைக்கிறவர் வரை எல்லோருக்கும் அவள் பத்தக்காதான்.

ஐம்பத்தாறு வயது. கட்டை குட்டையான ஆள். உள்ளங்கை மட்டும் ஆளுக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிசு. அந்தக் கையால் ஒருவரின் முதுகைத் தாங்கினால், சுவரில் சாய்ந்ததுபோல இருக்கும் என்று நோயாளிகள் சொல்வார்கள். வாய் கொஞ்சம் நீளம். அழுகிறவர்களை அழ விடுவாள், ஆனால் அழுதுகொண்டே பயிற்சியைச் செய்ய வேண்டும்.

அவள் மேசை இழுப்பறையில் எப்போதும் இரண்டு எலுமிச்சம்பழமும், ஒரு ஸ்பூனும், ஒரு சின்னக் கிண்ணமும் இருக்கும். புதிதாக வருகிறவர் தோளோ இடுப்போ எதுவானாலும் முதல் நாள் இந்தப் பாடத்தைக் கேட்காமல் தப்ப முடியாது. ஸ்பூனில் ஒரு பழத்தை வைத்து அவர் கையில் கொடுப்பாள். கிண்ணத்துக்குள் இன்னொன்றை வைத்து இன்னொரு கையில் கொடுப்பாள். இரண்டையும் ஆட்டச் சொல்வாள். ஸ்பூன் பழம் உருண்டு எங்கேயாவது கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். கிண்ணத்துப் பழம் அசையும், ஆனால் இடத்தை விட்டு நகராது.

புத்தகத்தில் இரண்டுக்கும் பந்துக்கிண்ண மூட்டு என்று ஒரே பெயர் போட்டிருக்கிறார்களே, அது சும்மா பேருக்கு என்பது அவள் கட்சி. கூடப் பிறந்தவைதான், குணத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். தோள் ஊர்சுற்றி. முன்னே போகும், பின்னே போகும், மேலே போகும், முதுகு சொறியப் போகும். அத்தனை சுதந்திரத்துக்கும் விலை, அது உட்கார்ந்திருக்கிற இடம் ஆழமில்லாதது. சுற்றிலும் தசையும் நாரும் இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பதால்தான் கையே தோளில் நிற்கிறது. இடுப்பு அப்படியில்லை. குடும்பப் பாரம் முழுவதையும் சுமந்துகொண்டு, ஆழமான குழிக்குள் அடக்கமாக உட்கார்ந்திருக்கும். விபத்து மாதிரி பெரிதாக ஏதாவது நடந்தாலொழிய அது வெளியே வராது. வராதே தவிர, உள்ளேயே தேயும்.

ஆகவே, நழுவின தோளுக்குப் பயம் சொல்ல வேண்டும், தேய்ந்த இடுப்புக்குத் தைரியம் சொல்ல வேண்டும் என்பது பத்தக்காவின் சட்டம். தோள் நழுவி வருகிறவர்கள் வலி நின்ற மறுநாளே பந்து வீசப் போய்விடுவார்கள், அவர்களை மிரட்டி உட்கார வைக்க வேண்டும். இடுப்பு மாற்றிக்கொண்டவர்கள் கண்ணாடிப் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு நடப்பவர்கள்போல அடியெடுத்து வைக்கவே அஞ்சுவார்கள், அவர்களை விரட்டி நடக்க வைக்க வேண்டும். இறுகிப்போன தோள் தனிக் கதை, அதற்கு இன்னும் பத்துதான் மருந்து. முப்பத்தொரு வருஷமாக இந்தச் சட்டத்தில் ஒரு திருத்தமும் கிடையாது.

புருஷன் கிடைத்ததும் இந்தச் சட்டத்தால்தான். அவர் சலூன்காரர். இரண்டு தெரு தள்ளி, சுழல்நாற்காலி ஒன்றும் சுவர்க் கண்ணாடி ஒன்றுமாக அப்போதுதான் கடை போட்டிருந்தார். கடையின் பெயர்ப்பலகை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதே என்று அதே சுழல்நாற்காலி மேல் ஏறி நிமிர்த்தப் போயிருக்கிறார். சுழல்நாற்காலி தன் வேலையைச் செய்துவிட்டது. பலகையை இடது கையால் பிடித்துத் தொங்கினதில் தோள் கழன்று, கையைக் கழுத்தில் கட்டின துணித் தொட்டிலில் போட்டுக்கொண்டு இவளிடம் வந்து சேர்ந்தார். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகாத இவள், இருக்கிற கண்டிப்பையெல்லாம் திரட்டி, இந்தத் தோளில் பாரம் போடக் கூடாது, அழுத்தி ஊன்றக் கூடாது, நான் சொல்கிறவரைக்கும் என்று உத்தரவு போட்டாள்.

சீப்பு பிடிக்கிற கை இடது கை. அடிபட்ட தோளோடு அதைத் தூக்காமல் எப்படி முடி வெட்டுவார் என்று சந்தேகப்பட்டு ஒரு நாள் கடைக்கே போய் எட்டிப் பார்த்தாள். வாடிக்கையாளர்கள் எல்லோரையும் நாற்காலியில் முதுகு படியச் சறுக்கி உட்கார வைத்து, கையைத் தூக்காமலேயே வெட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடியில் மூக்குக்கு மேலேதான் முகம் தெரிந்தது அவர்களுக்கு. அன்றைக்கு அவள் தெருவில் நின்று சிரித்த சிரிப்பை அவர் இன்னும் கதையாகச் சொல்வார். தோள் சரியான பிறகும் அவர் வாரம் தவறாமல் வந்துகொண்டிருந்தார். அடுத்த வருஷம் கல்யாணம். சிகிச்சைச் சீட்டு எங்கே போயிற்று என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

பிள்ளைகள் இரண்டும் வளர்ந்து ஆளுக்கொரு திசையாகப் போய்விட்டன. நாற்காலியைச் சுற்றிச் சுற்றி வந்த முப்பது வருஷம் சலூன்காரரின் வலது இடுப்பை விலையாகக் கேட்டுவிட்டது. ஒரு தலை முடிப்பதற்குள் இரண்டு தடவை சுவரில் சாய்ந்தார். கடைசியில், நாற்காலியைச் சுற்ற முடியாதவனுக்குக் கடை எதுக்கு என்று அவரே சொன்ன அன்று, பத்தக்கா எலும்பு டாக்டரிடம் தேதி வாங்கிவிட்டாள்.

ஆபரேஷன் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. வீட்டுக்கு வந்த நான்காவது நாள்தான் அது நடந்தது. குனியக் கூடாது, தாழ்வான இடத்தில் உட்காரக் கூடாது, கால் மேல் கால் போடக் கூடாது என்று சுவரில் ஒட்டாத குறையாகச் சொல்லியிருந்தாள். அன்று அவர் காலைத் துடைத்துவிடலாம் என்று குளியலறை வாசலில் தனக்காக ஒரு முக்காலி போட்டாள். துண்டு எடுத்து வர உள்ளே போனாள். உதவியாக இருக்கட்டுமே என்று அவர் அந்த முக்காலியில் தானே உட்கார்ந்து, குனிந்து, காலுறையைக் கழற்றப் போனார்.

தோள் கழன்றவர்களை அவள் நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறாள். கழலும்போது அலறுவார்கள், உள்ளே போனதும் பெருமூச்சு விட்டு டீ கேட்பார்கள். இது அப்படி இல்லை. அவர் அலறக்கூட இல்லை. சத்தம் ஒன்று கேட்டது, அவ்வளவுதான். ஓடி வந்து பார்த்தபோது வலது கால் குட்டையாகி உள்பக்கம் திரும்பிக் கிடந்தது. முப்பத்தொரு வருஷ அனுபவசாலிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மயக்க மருந்து கொடுத்து மூட்டை மறுபடி உள்ளே வைத்தார்கள். எலும்பு டாக்டர் நிதானமானவர். சுற்றியுள்ள சதை ஆறும் வரைக்கும் புது இடுப்பும் தோள் மாதிரி கொஞ்சம் அவசரக்காரன்தான், ஆறிவிட்டால் பழைய இடுப்பு மாதிரி அடங்கிவிடும், பத்து நாள் பார்த்துக்கொண்டு பிறகு நன்றாக நடக்க வையுங்கள், உங்களுக்குத் தெரியாததா என்றார். பத்தக்காவின் காதில் முதல் பாதி மட்டும் ஏறியது.

அதற்குப் பிறகு ஊரில் இரண்டு பத்தக்கா இருந்தார்கள். ஒருத்தி ஆஸ்பத்திரியில், இடுப்பு மாற்றின மூன்றாம் நாளே ஆட்களைத் தாழ்வாரத்தில் விரட்டிக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி வீட்டில், நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு உயர்த்தி, அதில் புருஷனைச் சாய்த்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தாள். வேலைக்குக் கிளம்பும்போது ஃபிளாஸ்க், சாப்பாடு, ரேடியோ, போன் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் வைப்பாள். கழிப்பறைக்கு எட்டு அடி. கைத்தடியோடு அது மட்டும் அனுமதி. சாயங்காலம் வந்ததும் இரண்டு கையாலும் அவரை அணைத்துப் பிடித்து ஜன்னல் வரைக்கும் நடத்திப் போய்த் திரும்பக் கொண்டுவந்து உட்கார வைப்பாள். அவர் அவள் மேல் சாய்ந்துகொண்டு வருவார். போதும் என்று அவள் சொன்னால் போதும் என்பார்.

அவளிடமே தொழில் கற்று அவளுக்குக் கீழே வேலை பார்க்கிற ஒரு பெண் உண்டு. அறையில் அவளைச் சின்னவள் என்பார்கள். சாரை இங்கே கூட்டி வாருங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மூன்று தடவை கேட்டாள். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று பத்தக்கா தள்ளிப்போட்டாள். நான்காவது தடவை சின்னவள் சுற்றி வளைக்கவில்லை.

"வேற யாராவது வீட்டுக்காரரை இப்படி ரெண்டு மாசம் நாற்காலியிலயே வெச்சிருந்தா, அந்தம்மாவை நீங்க என்னக்கா சொல்லியிருப்பீங்க?"

என்ன சொல்லியிருப்பாள் என்று பத்தக்காவுக்கு நன்றாகத் தெரியும். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருப்பாள். அன்று அவள் போய்க் கட்டில் விரிப்புகளை மடித்தாள். ஏற்கெனவே மடித்து வைத்திருந்த விரிப்புகள் அவை.

இரண்டு மாதச் சோதனைக்கு அவரை ஆட்டோவில் கூட்டிப்போனாள். எலும்பு டாக்டர் படத்தைப் பார்த்தார், தொடையை அமுக்கிப் பார்த்தார், டேப்பை வைத்து அளந்தார். திருப்தியாகத் தலையாட்டினார். சதை நன்றாகத் தேறியிருக்கிறதே என்று அவர் சொன்னபோது பத்தக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. நாற்காலியில் கிடக்கிற தொடை எப்படித் தேறும்? அந்த வாசல் வரைக்கும் நடந்து காட்டச் சொன்னார் டாக்டர். அவள் வழக்கம்போலப் பிடித்துக்கொண்டாள். கையை விடுங்கள் என்றார். விட்டாள். சலூன்காரர் வலது காலை ஊன்றும்போதெல்லாம் உடம்பு மொத்தமும் வலது பக்கம் சாய்ந்து, பிறகு நிமிர்ந்து, பிறகு சாய்ந்து, படகு மாதிரிப் போய்த் திரும்பினார்.

டாக்டரின் முகம் மாறியது. "மூட்டு நல்லா இருக்கு. நடைதான் கெட்டுப்போயிருக்கு. ஒரு மாசத்துல நிமிர்த்தலைன்னா இதுவே பழகிடும். அப்புறம் நாள் முழுக்க நின்னு வேலை செய்யறதை மறந்துட வேண்டியதுதான்." பத்தக்காவைப் பார்த்தார். "யாரு இவருக்கு நடை சொல்லிக்கொடுத்தது?"

யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதுதான் பதில். சலூன்காரர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வருகிற வழி முழுக்க அவள் தன்னைத்தானே திட்டிக்கொண்டு வந்தாள். ஊரில் உள்ள இடுப்பையெல்லாம் நிமிர்த்திவிட்டு, தன் வீட்டு இடுப்பைத் தன் கையாலேயே கோணலாக்கிவிட்டாள். இந்த மனுஷன் கத்தரிக்கோலைத் தூக்கி வைத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்க்கப் போகிறார், காரணம் அவள். வீட்டுக்கு வந்ததும் கைத்தடியைச் சுவரில் சாய்த்து வைக்கப் போனபோதுதான் அதன் அடியில் இருந்த ரப்பர் கண்ணில் பட்டது. வாங்கி இரண்டு மாதம்தான். அடி வரிகள் எல்லாம் தேய்ந்து வழவழவென்று இருந்தது. தினமும் எட்டு அடி நடக்கிறவரின் தடி இல்லை அது. இந்தத் தேய்மானத்துக்கு மைல் கணக்கில் நடந்திருக்க வேண்டும்.

தடியைச் சுவரில் சாய்த்து வைத்தாள். மறுநாள் காலை வழக்கம்போலக் கிளம்பிப் போனாள். பதினொரு மணிக்குச் சின்னவளிடம் அறையை ஒப்படைத்துவிட்டு, அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கவாட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

கூடத்தின் நடுவில் சாப்பாட்டு நாற்காலி ஒன்று கிடந்தது. அதைச் சுற்றி வந்துகொண்டிருந்தார் அவர். வலது கையில் தடி. இடது கையில் சீப்பு. நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற யாருமில்லாத ஆளிடம், கிருதா இவ்வளவு இருந்தால் போதுமா, பையன் பரீட்சை எப்படி எழுதினான் என்றெல்லாம் பேச்சு. பதிலுக்குக் கொஞ்சம் காத்திருந்து, அப்படியா என்றார். பிறகு தடியை நாற்காலி முதுகில் மாட்டிவிட்டு, சட்டைப்பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துக் காற்றில் நாலு வெட்டு வெட்டினார். அதைப் பையில் போட்டுவிட்டு மறுபடி தடியை எடுத்தார். ஓர் அடி. வலது பக்கம் சாய்ந்து நிமிர்ந்தார். மறுபடி தடியை மாட்டி, கத்தரிக்கோலை எடுத்து, நாலு வெட்டு. ஒரு சுற்று முடிய எத்தனையோ நேரம் ஆயிற்று. நெற்றியில் வேர்வை வழிந்தது. விடவில்லை அவர்.

பத்தக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அது பாதியிலேயே அழுகையாகிவிட்டது. அந்த நேரத்திலும் அவள் கண் மட்டும் வேலையை விடவில்லை. தடி தப்பான கையில் இருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டது. வலது இடுப்புக்குத் தடி இடது கையில் இருக்க வேண்டும். அப்போதுதான் வலது கால் ஊன்றும்போது எதிர்ப்பக்கத்திலிருந்து தாங்கும், உடம்பு நிமிர்ந்து நிற்கும். முதல் நாள் பாடம் இது. பயிற்சி அறைக்கு வருகிற பாதிப் பேர் தப்பாகத்தான் பிடித்துக்கொண்டு வருவார்கள், பிடுங்கி மாற்றிக் கொடுப்பாள். ஒரே ஒரு நாள் இவரைத் தன்பாட்டில் நடக்கவிட்டுப் பார்த்திருந்தால் போதும், அன்றைக்கே மாற்றியிருப்பாள்.

கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள். கையும் களவுமாகப் பிடிபட்டவர் சீப்பை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

எத்தனை நாளாக நடக்கிறது இது என்று கேட்டாள். மறுபடி வீட்டுக்கு வந்த மூன்றாவது வாரத்திலிருந்து என்றார். அவள் போன பிறகு ஆரம்பித்து, அவள் வருகிற நேரத்துக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, தலையணையில் சாய்ந்துகொள்வாராம்.

"அப்போ சாயங்காலம் என் மேல சாஞ்சுக்கிட்டு வந்தீங்களே, ஜன்னல் வரைக்கும்?"

"உனக்குக் கை நடுங்குது, அன்னிலேர்ந்து. என்னைப் பிடிச்சுக்கிட்டாத்தான் நிக்குது." அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சரி, பிடிச்சுக்கட்டும்னு விட்டுட்டேன்."

அவள் தன் கைகளைப் பார்த்தாள். இத்தனை பேரைத் தாங்குகிற கைகள் நடுங்குவது அவளுக்கே தெரியாமல் இருந்திருக்கிறது. அவருக்குத் தெரிந்திருக்கிறது. இவள்தான் அவரைத் தாங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்த சாயங்காலங்களில் யார் யாரைத் தாங்கினார்கள் என்பது இப்போதுதான் புரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, கோபத்துக்கு ஏதாவது வேண்டுமே என்று தடியைப் பிடித்துக்கொண்டாள்.

"அது சரி, இதை எதுக்கு வலது கையில பிடிச்சீங்க? முப்பது வருஷமா என் கூடக் குடும்பம் நடத்துறீங்க, இதுகூடத் தெரியாதா?"

"நீதானே சொன்ன, இடது தோள்ல பாரம் போடாதே, ஊனாதேன்னு."

"எப்போ சொன்னேன்?"

"பலகை பிடிச்சுத் தொங்கினேனே, அப்போ. நான் சொல்ற வரைக்கும்னு சொன்ன." சீப்பைச் சட்டைப்பையில் போட்டார். "நீ இன்னும் சொல்லலையே."

ஆறு வாரத்துக்குச் சொன்ன சொல். இருபத்தொன்பது வருஷமாகக் கடைப்பிடித்துக்கொண்டிருக்கிறார் மனுஷன். அவளுக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. பிள்ளைகளை எப்போதும் வலது தோளில்தான் போட்டுக்கொள்வார். தண்ணீர் வாளி வலது கை. மூட்டை முடிச்சு வலது கை. பஸ்ஸில் கம்பி பிடிப்பதும் வலது கை. அவருடைய பழக்கம் அது என்று நினைத்துவிட்டாள். அத்தனை பாரமும் வலது பக்கமே போனதால்தான் அந்த இடுப்பு இப்படித் தேய்ந்ததா என்றால், எந்த டாக்டரும் அப்படிச் சொல்ல மாட்டார், அவளும் சொல்ல மாட்டாள். ஆனால் ஊரெல்லாம் அவள் சொல்லை ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுகிறது. விடாமல் வைத்துக்கொண்ட ஒரே ஆள் தன் வீட்டிலேயே இருந்திருக்கிறார். அது தெரியாமலே இத்தனை வருஷம் ஓடிவிட்டது.

"அது அப்பவே சரியாயிடுச்சுங்க," என்றாள். "பாரம் போடலாம். எவ்வளவு வேணாலும் போடலாம். நான்தான் சொல்ல மறந்துட்டேன்."

தடியை அவர் இடது கையில் கொடுத்து, விரல்களை மடக்கி வைத்தாள். தடியும் வலது காலும் ஒன்றாக முன்னே போக வேண்டும், தைரியமாக ஊன்ற வேண்டும் என்றாள். அவர் இடது தோளை ஒரு தடவை சந்தேகமாகப் பார்த்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சாய்ந்து, பாரத்தைப் போட்டார். தோள் தாங்கியது.

அவள் பின்னுக்கு நகர்ந்து போய்க் கூடத்தின் மறு கோடியில், சமையலறை நிலையோரம் நின்றாள். பன்னிரண்டு அடி இருக்கும். நடுவில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை, அந்த நாற்காலியைக்கூட ஓரமாகத் தள்ளிவிட்டிருந்தாள். அவர் கேட்டார், அவள் வந்து பிடித்துக்கொள்ள வேண்டாமா என்று. வேண்டாம் என்றாள். சொல்லும்போதே கை தானாக முன்னால் நீண்டது. இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய், ஒன்றை ஒன்று இறுகப் பற்றிக்கொண்டாள்.

அவர் கிளம்பினார். முதல் அடியில் தடுமாறினார். குளியலறை வாசலும் அந்தச் சத்தமும் அவள் நெஞ்சுக்குள் வந்து போயின. இருந்த இடத்தை விட்டு அவள் அசையவில்லை. இரண்டாவது அடியில் தடியும் காலும் சேர்ந்துகொண்டன. நான்காவது அடியில், வலது காலை ஊன்றியும் அவர் உடம்பு சாயவில்லை. அது அவருக்கே தெரிந்து நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் அவர் தரையைப் பார்க்கவில்லை. நேரே அவளைப் பார்த்துக்கொண்டு வந்தார். அவளுக்கு எதிரே வந்து நின்றதும் தன்னைப் பிடித்துக்கொள்வார் என்று நினைத்து அவள் பற்றியிருந்த கையைத் தளர்த்தினாள்.

அவர் நிற்கவில்லை. கொஞ்சம் வழி விடு என்று அவளைத் தாண்டி, நிலையைக் கடந்து, சமையலறைக்குள் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். அவள் திரும்பி நின்று அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பின்னாலேயே போகவில்லை.